பிக்கப் வண்டியும் மைலேஜ் கணக்கும்: கேள்வி-பதில்

கே: டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வாங்கினால் குடும்பத்துக்கும் ஆகும், சுமைக்கும் ஆகும் அல்லவா?

ப: ஆகும், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் முழுமையாக ஆகாது. ஐந்து பேர் ஏறினாலே ஏறக்குறைய 350 கிலோ பேலோடில் (வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடையில்) கழிந்துவிடும். விற்பனையாளர் சொல்லும் எடையிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சம் உங்கள் சரக்குக்குப் போதுமா என்று பாருங்கள்.

கே: டீசலா, பெட்ரோலா?

ப: கடிதம் முழுவதும் இவ்வளவுதான். எவ்வளவு தூரம், எவ்வளவு சுமை என்று எழுதாதவருக்கு யாரும் விடை சொல்ல முடியாது. கனத்த சுமையுடன் நெடுந்தூரம் ஓடுபவருக்கு டீசல் பொருந்தும்; ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துச் சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், புதிய டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி படிந்த கரியை எரிக்கும் அளவுக்குச் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

கே: 4x4 (நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு) அவசியமா?

ப: சேற்றிலும் மணலிலும் ஓட்டுபவருக்கு மட்டும். மற்றவர்கள் சுமார் 100 கிலோவை வீணே சுமப்பார்கள்.

கே: டேஷ்போர்டு லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் காட்டுகிறது. நேற்று பத்து லிட்டர் போட்டுப் பார்த்தேன், 9தான் வருகிறது. நிறுவனம் ஏமாற்றுகிறதா?

ப: மாதந்தோறும் இக்கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. பத்து லிட்டர் போட்டு, எரிபொருள் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டதாகக் கண்ணால் மதிப்பிட்டுப் போடும் கணக்கு, கணக்கே அல்ல. அந்த முள் இரண்டு மூன்று லிட்டரைச் சாதாரணமாக விழுங்கிவிடும். டேஷ்போர்டு எண்ணையும் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே காட்டும். பம்பின் குழாய் தானாக நிற்கும் முதல் கிளிக்கில் நிறுத்தி டேங்கை நிரப்புங்கள், ஓடோமீட்டர் காட்டும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் முடிந்தால் அதே பம்பில் முதல் கிளிக்கில் நிறுத்தி, ஓடிய தூரத்தை இம்முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். கிளிக் ஆன பிறகு வண்டியைக் குலுக்கி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்பவர்கள் எனக்கு எழுத வேண்டாம். 20 லிட்டர் நிரப்பும்போது 2 லிட்டர் பிசகினால் விடை பத்துச் சதவீதம் பிசகும். அதே 2 லிட்டர், 600 லிட்டர் மொத்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பத்து டேங்காவது பொறுத்திருங்கள். சராசரிகளுக்குச் சராசரி எடுப்பதும் தவறு: 660 கிலோமீட்டருக்கு 60 லிட்டர், 520 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் என்றால் 11, 13 என்று வரும், ஆனால் உண்மை 12 அல்ல, 11.8. டயர் காற்று எப்படி என்ற விவரமும் உங்கள் கடிதத்தில் இல்லை.

கே: பெரிய டயர் மாட்டியதும் மைலேஜ் விழுந்துவிட்டது.

ப: ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி மாயை. எடையும் உராய்வும் கூடியிருக்கும். அதோடு விட்டம் 5 சதவீதம் கூடியிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய அதே அளவு குறைத்துக் காட்டும். தூரத்தைத் திருத்தி மீண்டும் வகுத்துப் பாருங்கள், முதல் கிளிக் கணக்குதான் இதற்கும்.

கே: லிட்டருக்கு 12 தரும் வண்டியை விட்டு 14 தரும் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

ப: நூறு கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர்தான் மிச்சமாகும். 8 தரும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு 10 தருவதை வாங்குபவருக்கோ 2.5 லிட்டர் மிச்சம். விலை வித்தியாசத்தை அந்த 1.2 லிட்டரின் விலையால் வகுத்தால், எத்தனை நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

கே: டெயில்கேட்டை (சரக்குத் தொட்டியின் பின்கதவை) திறந்துவிட்டு ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகுமா?

ப: ஆகாது. மூடியே ஓட்டுங்கள்.