'சப்சிக்வென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அதை எப்படிப் பயன்படுத்துவது?

அகராதியைப் புரட்டினால் 'பிந்தைய', 'அடுத்து வருகிற' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எங்கள் அப்பாவும் அப்படித்தான் புரட்டினார். பொருள் சரியாகவே கிடைத்தது. ஆனாலும் கிரயம் வாங்கிய வீட்டுக்குள் கால் வைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீடு கல்லிடைக்குறிச்சியில். விற்றவர் மும்பையில் இருந்ததால் அக்ரிமென்ட் ஆங்கிலத்தில் டைப் அடித்து வந்தது. அதில் ஒரு வரி: "வேக்கன்ட் பொசெஷன் ஷல் பி டெலிவர்ட் சப்சிக்வென்ட் டு ரெஜிஸ்ட்ரேஷன்." அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழ் எழுதிப் படிக்கிற பழக்கம். காலி வீடு, ஒப்படைப்பு, பின், பதிவு என்று வரிசையாக எழுதி, இடமிருந்து வலமாக வாசித்துவிட்டார். "மொதல்ல வீட்டைக் காலி பண்ணித் தருவாவ, பொறவுதான் பதிவு" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதிவு அன்று பார்த்தால் வாடகைக்கு இருந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் வைத்துக் கேட்டதற்கு, பவர் வாங்கியிருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, "அண்ணாச்சி, பதிவுக்குப் பொறவுன்னுதான போட்டிருக்கு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தை மாதம் வைத்திருந்த பால்காய்ப்பு ஆவணிக்குப் போயிற்று.

தமிழில் 'பிறகு' என்பது முதலில் நடக்கும் காரியத்தை ஒட்டி, அதன் வாலில் வரும். 'பதிவுக்குப் பிறகு ஒப்படைப்பு' என்றால் சொல்கிற வரிசையும் நடக்கிற வரிசையும் ஒன்றே. ஆங்கிலத்தில் 'சப்சிக்வென்ட் டு' முந்தின காரியத்துக்கு முன்னால் போய் நிற்கும். பெரும்பாலும் பின்னால் நடப்பதை முதலில் சொல்லி, முன்னால் நடப்பதைக் கடைசியில் வைப்பார்கள். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டதும் 'டு'வுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதுதான் முதலில் நடப்பது. அதைப் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள். 'பிரையர் டு' வந்தால் இதற்கு நேர் மாறு: 'டு'வுக்கு அடுத்து இருப்பது பின்னால் நடப்பது.

இன்னொன்று, இந்தச் சொல் வரிசையைச் சொல்லுமே தவிர இடைவெளியைச் சொல்லாது. மறுநாளும் சப்சிக்வென்ட்தான், ஏழு மாதம் கழித்தும் சப்சிக்வென்ட்தான். அந்த அக்ரிமென்டில் கெடு எழுதாததால்தான் அப்பாவால் ஒன்றும் கேட்க முடியவில்லை. நான் இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கிறேன். யார் அக்ரிமென்ட் போட வந்தாலும் 'பதிவு முடிந்த 15 நாட்களுக்குள்' என்று நாளைக் கட்டாயம் எழுத வைக்கிறேன்.

காரணத்தையும் இது சொல்லாது. அதற்கு 'கான்சிக்வென்ட்' தனியாக இருக்கிறது. இரண்டுமே 'பின்தொடர்தல்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை, அதனால் குழம்புகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் கொட்டிய மழையை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் தாமிரபரணியில் வந்த வெள்ளம் கான்சிக்வென்ட். அதற்கு அடுத்த மாதம் வந்த பொங்கல் வெறும் சப்சிக்வென்ட். மழைக்கும் பொங்கலுக்கும் காரண உறவு கிடையாது, முன்பின் மட்டும்தான்.

நிலம் நீச்சு விவகாரத்தில் இந்த முன்பின்தான் உயிர். ஒரே ஆள் ஒரே சொத்தை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டால், பிந்தி வாங்கியவரின் உரிமை முந்தியவரின் உரிமைக்கு அடங்கியது என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 48-ஆவது பிரிவில். சரி, பிந்தியது எது? முதல் பத்திரம் 3-ஆம் தேதி கையெழுத்தாகி 20-ஆம் தேதி பதிவாகிறது. மற்றது 10-ஆம் தேதி கையெழுத்தாகி அன்றைக்கே பதிவாகிறது. முதலில் பதிவானது இரண்டாவதுதான், ஆனாலும் சப்சிக்வென்ட் அதுவே. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி, பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, பதிவே தேவைப்படாதிருந்தால் எந்த நாளிலிருந்து செல்லுமோ அந்த நாளிலிருந்தே செல்லும். சாதாரணமாக அது எழுதிக்கொடுத்த நாள். வில்லங்கச் சான்று பார்க்கிறவர்கள் பதிவுத் தேதியோடு எழுதிக்கொடுத்த தேதியையும் பாருங்கள்.

'கண்டிஷன் சப்சிக்வென்ட்' என்றும் கேள்விப்படுவீர்கள். உரிமை கைக்கு வந்த பிறகும் அதன் தலைமேல் தொங்குகிற நிபந்தனை அது. அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் உதாரணம் இருக்கிறது: ஒரு பண்ணையை ஆயுள் வரை அனுபவிக்க ஒருவருக்குக் கொடுக்கிறார்கள், குறிப்பிட்ட ஒரு காட்டை வெட்டினால் உரிமை போய்விடும் என்று எழுதி. அவர் வெட்டுகிறார், உரிமை போகிறது.

மற்றபடி பயன்பாடு எளிது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'சப்சிக்வென்ட்': 'சப்சிக்வென்ட் பேமென்ட்ஸ்' என்றால் அடுத்தடுத்த தவணைகள். வினையோடு சேர்ந்தால் 'சப்சிக்வென்ட்லி'. உச்சரிக்கும்போது அழுத்தம் 'சப்' மேல் விழ வேண்டும். பேச்சில் இது வேண்டாம், 'ஆஃப்டர்', 'லேட்டர்' போதும். சாப்பிட்ட பிறகு வருகிறேன் என்பதற்கு யாரும் 'சப்சிக்வென்ட் டு லஞ்ச்' என்று சொல்வதில்லை.