எருதுக்குப் பின்னால் கோல்ஃப் கோடு: 2.40 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: பர்கூர் பக்கம் எங்கள் ஊர் எருது விடும் விழாவை யூடியூபில் நேரலையாகப் போட்டு வருகிறோம். இந்த முறை ஒருவர் வந்து, டிவியில் கோல்ஃப் பந்துக்குப் பின்னால் வளைவாக ஒரு கோடு போகுமே, அதேபோல ஓடுகிற எருதுக்குப் பின்னால் கோடும் தலைக்கு மேல் வேகமும் நேரலையிலேயே வரும் என்கிறார். ‘ஏ.ஆர். கிராபிக்ஸ்’ (நிஜக் காட்சியின் மேல் கணினி வரைந்த படத்தை ஒட்டிக் காட்டுவது) என்று சொல்லி 2.40 லட்சம் கேட்கிறார், முன்பணம் 80 ஆயிரம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. கீழே ஒரு சோதனை சொல்கிறேன், அதை அவர் உங்கள் கண்முன் செய்து காட்டும்வரை ஒரு ரூபாய் கூட கை மாற வேண்டாம்.

கோல்ஃபில் அந்தக் கோடு எப்படி வருகிறது என்று தெரிந்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். பந்தை அடிக்கிற இடத்துக்குப் பின்னால் கேமராவை அசையாமல் நிறுத்திவிடுகிறார்கள். டென்மார்க்கின் டிராக்மேன் மாதிரி ரேடார் பெட்டி பந்தை அளந்துகொண்டே போகும், சுவீடனில் பிறந்த டாப்டிரேசர் மாதிரி மென்பொருள் படத்திலேயே பந்தைத் தேடிப் பிடிக்கும். பின்னால் வானம், வெள்ளைப் பந்து, குறுக்கே வர ஆள் கிடையாது. பந்தைக் குழியில் தள்ளும் புல்தரையில் கோடு வரைந்து காட்டுவது இன்னும் பெரிய வேலை. மேடு பள்ளத்தை முன்கூட்டியே அளந்து கணினிக்குள் வைத்திருப்பார்கள், கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது, லென்ஸ் எவ்வளவு ஜூம் ஆனது என்ற கணக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், போய்க்கொண்டே இருக்கும், கணினி வரைந்து முடிக்கிற வரை படத்தையே சில ஃபிரேம் நிறுத்திவைத்துத்தான் நமக்கு விடுவார்கள்.

உங்கள் ஊரில் கேமரா எங்கே நிற்கும்? கயிற்றில் கட்டிய சாரத்தின் மேல், அதிலேயே பையன்கள் தொங்கிக்கொண்டிருக்க. திரும்புகிற அளவைச் சொல்லும் சென்சார் ஸ்டாண்டுக்கு மேல் நடப்பதை மட்டும்தான் அறியும், சாரமே ஆடினால் அதற்குத் தெரியாது. அரை டிகிரி ஆட்டம் போதும், 100 மீட்டர் தள்ளி கோடு கிட்டத்தட்ட மூன்றடி விலகிவிடும். எருதுக்குப் போட்ட கோடு தடுப்புக் கட்டைமேல் உட்கார்ந்திருப்பவர் மடியில் போய் விழும்.

உங்களிடம் பணம் கேட்கிற அந்த இடைத்தரகர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் போனில் காட்டியிருப்பாரே ஒரு நிமிட வீடியோ, அந்த மாதிரி வீடியோக்களில் பெரும்பாலானவை படம் எடுத்து முடித்த பிறகு எடிட்டிங்கில் நிதானமாக ஒட்டியவை. நேரலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனவே கேமராவை உங்கள் ஊர் ஓடுபாதைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். திரையில் தெரியும் தரைமேல் ஏதாவது ஒரு எழுத்தைக் கணினியால் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே கேமராவைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி, ஜூம் போட்டுப் பாருங்கள். எழுத்து தரையோடு நின்றால் ஏ.ஆர்., திரையோடு நகர்ந்து வந்தால் உள்ளூர் கேபிள் சேனலில் நகைக்கடை விளம்பரம் கீழே ஓடுகிற அதே சங்கதி. மென்பொருள் பெயரையும் கேளுங்கள். ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்) என்றால் அது இலவசம், அதற்கு ‘லைசென்ஸ் கட்டணம்’ என்று பில்லில் எழுதியிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேல் வரும் வேகம் எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏஐ பார்த்துக்கொள்ளும்’ என்பார். வினாடிக் கணக்கில் பரிசு முடிவாகிற விழாவில் திரையில் ஒரு எண்ணும் நடுவரிடம் ஒரு எண்ணும் இருந்தால் முதலில் உதை வாங்கப் போவது கேமராக்காரர்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்களே இதைச் செய்துகொள்ளலாம்: எல்லைக்கோடு. அங்கே ஒரு கேமராவைத் தரையில் ஊன்றி, திருப்பாமல், ஜூமைத் தொடாமல் பூட்டிவிட்டால் சென்சார் எதுவும் வேண்டாம். அந்தப் படத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன் மேல் சாய்வு பார்த்துக் கோடும் ஊர்ப் பெயரும் வரைந்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக ஓபிஎஸ்ஸில் மேலடுக்காக வையுங்கள், தரையில் எழுதியது போலவே நிற்கும். ஆனால் எருது அதைக் கடக்கும்போது கோடு எருதின் உடம்பு மேல் ஏறித் தெரியும். அமெரிக்கக் கால்பந்தில் 1998இல் மஞ்சள் கோடு கொண்டுவந்தபோது இதே தொல்லைதான். பச்சைப் புல் நிறத்தில் மட்டும் கோட்டை வரை, வீரர் சட்டை நிறத்தில் வரையாதே என்று கணினிக்குச் சொல்லிச் சமாளித்தார்கள். நம் செம்மண்ணில் செவலை எருது ஓடும்போது எது மண், எது மாடு என்று கணினி எப்படிப் பிரிக்கும்? வெள்ளை எருதுக்குப் பரவாயில்லை, அதுவும் புழுதி கிளம்பாதவரை. ஆகவே கோட்டைச் சுண்ணாம்பில் தரையிலேயே போட்டுவிடுங்கள், எழுத்தை மட்டும் எருது கடக்காத ஓரத்தில் வையுங்கள். டைமர் பெட்டி முன்னால் பழைய போன் ஒன்றை நிறுத்தி, எண் தெரியும் பகுதியை மட்டும் வெட்டித் திரை மூலையில் காட்டினால் நடுவர் பார்க்கும் அதே நேரம் மக்களுக்கும் தெரியும்.

இத்தனைக்கும் மேல், நிஜமான ஏ.ஆர். ஆளே கிடைத்தாலும் அவருக்கு இடத்தில் ஒரு முழு நாளாவது வேண்டும். விழா நடத்த அதிகாரிகள் தரும் அனுமதியை நாலு நாள் முன்னால் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, முந்தின நாள் ராத்திரி தாள் கைக்கு வந்தால் யார் எப்போது அளப்பது? அதனால் யாரை வைத்தாலும், அனுமதி வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். அதை எழுதித் தர மறுக்கிறவரிடம் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.