மூட்டையும் முதுகும்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

ஈரோட்டில் மஞ்சள் குடோனில் லோடுமேன். வயது 34. மூன்று வாரத்துக்கு முன் மூட்டையோடு திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு) பிதுங்கியிருக்கிறதாம். "ஜவ்வு விலகிடுச்சு, இனி மூட்டையைத் தொடாதே" என்கிறார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 30 வயதில் சுமார் 40% பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84%. எனவே படத்தில் தெரிவதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். காலுக்கு இறங்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே அடங்கிவிடும்.

படுத்தே கிடக்காதீர்கள். வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள். வேலைக்குத் திரும்பும்போது முதல் சில வாரம் தரையிலிருந்து தூக்கும் வேலை வேண்டாம் என்று மேஸ்திரியிடம் பேசிக்கொள்ளுங்கள். மேடை உயரத்தில் இருப்பதை நகர்த்துவது, எடை போடுவது என்று தொடங்கலாம். சிறுநீர் வராமல் முட்டுவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதுகில் ஏறி மிதித்துச் சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள்.

சிமெண்ட் கடை வைத்திருக்கிறேன். ஆட்கள் எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். முட்டியை மடக்கித் தூக்கவும் சொல்லிக்கொடுத்தேன். அப்படியும் மாதம் ஒருவராவது இடுப்புவலி என்று லீவு போட்டுவிடுகிறார்.

பெல்ட் காசு வீண்தான். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1994இலேயே சொல்லிவிட்டது. தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைந்ததாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. சிமெண்ட் மூட்டை இரண்டு முட்டிக்கு நடுவே அடங்காது. அதனால் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் மூட்டை உடம்பைவிட்டு இன்னும் தள்ளிப்போகிறது. கெடுதலே அந்தத் தூரத்தில்தான்.

பிரிட்டனில் ஆண்களுக்கான வழிகாட்டு அளவைப் பாருங்கள். இடுப்பளவில், உடம்பை ஒட்டிப் பிடித்தால் 25 கிலோ. அதே ஆள் கையை நீட்டித் தரை மட்டத்திலிருந்து எடுத்தால் 5 கிலோ. நம் மூட்டையோ 50 கிலோ. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆண்களுக்குச் சொன்ன உச்ச அளவான 55 கிலோவுக்குள்தான் இது வருகிறது. ஆனால் அந்த எண் முதுகைப் பார்த்து வைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆக, ஆளைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கடையைத் திருத்துங்கள். அடி மூட்டை முட்டி உயரத்தில் இருக்கும்படி மேடை போடுங்கள். நெஞ்சுக்கு மேல் அடுக்க வேண்டாம். லாரித் தட்டின் உயரத்துக்கு இறக்குமேடை இருந்தால் பாதிக் குனிதல் மிச்சம். டிராலி வாங்கும் முன் வாசல்படியைச் சரிவாக்குங்கள். பல கடைகளில் டிராலி மூலையில் தூங்குவது அந்தப் படியால்தான். இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் யாரும் நடுவில் நின்று மூச்சு வாங்க மாட்டார்கள்.

தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகளைக் கட்டில் மாற்றுவதிலேயே தோள்பட்டை போய்விட்டது. இதெல்லாம் சுமை தூக்குவதில் சேருமா?

தாராளமாகச் சேரும். மூட்டையாவது அசையாமல் இருக்கும். மனிதர் நடுவில் துவளுவார், பயத்தில் உங்கள் கழுத்தைப் பிடிப்பார். அதனால்தான் நோயாளியைக் கையாள்வதற்கு நியோஷ் ஆய்வாளர் ஒருவர் 2007இல் பரிந்துரைத்த அளவு சுமார் 16 கிலோ மட்டுமே. தூக்காதீர்கள், சறுக்குங்கள். வழுக்கும் விரிப்பு கேட்டு வாங்குங்கள். அதுவரை இரண்டு கட்டிலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைப் பூட்டி, இரண்டு மூன்று பேராகப் படுக்கை விரிப்போடு இழுங்கள்.

மில்லில் பேல் உருட்டும்போதுதான் முதுகில் அடிபட்டது. மேனேஜர் "வயசுக் கோளாறு" என்கிறார். இழப்பீடு கிடைக்குமா?

முதல் நாள் ஓபி சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? "முதுகுவலி" என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். எந்தத் தேதியில், என்ன வேலையில் அடிபட்டது என்று டாக்டரை எழுதச் சொல்ல வேண்டும். மில்லின் விபத்துப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால், வேலையில் பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90% அளவு உதவித்தொகை உண்டு. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. இஎஸ்ஐ இல்லாவிட்டால் பணியாளர் இழப்பீடு கோர வழி உண்டு. சங்கம் மூலமோ நேரடியாகவோ தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.

பாரம் தூக்கினால் அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு புடைப்பு வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வலி இல்லை.

பெரும்பாலும் குடலிறக்கம். மாத்திரையிலோ தைலத்திலோ சரியாகாது. அறுவை மருத்துவரைப் பாருங்கள், அதுவரை பாரம் வேண்டாம். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.