லைப்ரரிப் பட்டியலை நம்பிக் கையெழுத்திடலாமா?

கேள்வி: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் வீடியோ மென்பொருளை எங்கள் சிறு நிறுவனம் விற்கிறது. அதிலுள்ள பிறருடைய லைப்ரரிகள் (பிறர் எழுதி, நாங்கள் சேர்த்துக்கொண்ட ஆயத்த நிரல்தொகுப்புகள்) அனைத்தையும் பட்டியலிட்டு, உரிம மீறல் ஏதுமில்லை என்று எழுத்தில் உறுதி தரும்படி வாடிக்கையாளர் கேட்கிறார். லினக்ஸில் ‘எல்டிடி’ கட்டளை காட்டிய பட்டியலை இணைத்துக் கையெழுத்திடலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் மூன்று தளங்களுக்கும் வெவ்வேறு கோப்புகளை விநியோகிப்பதால், பட்டியலும் தனித்தனியே தேவை. எல்டிடி, நிரல் தொடங்கும்போது ஏற்றப்படும் லைப்ரரிகளோடு அவை சார்ந்திருப்பவற்றையும் காட்டிவிடும்; மேக்கில் ‘ஓடூல் -எல்’, விண்டோஸில் ‘டம்ப்பின் /டிபெண்டென்ட்ஸ்’ ஆகியவையோ ஒரு கோப்பு நேரடியாகக் கேட்பவற்றை மட்டுமே காட்டுவதால், உடன் தரும் ஒவ்வொரு லைப்ரரியின் மீதும் அவற்றை மீண்டும் இயக்க வேண்டும். (வெளியாரிடமிருந்து வந்த, நம்பகமற்ற நிரலில் எல்டிடியை இயக்காதீர்கள், சில சமயம் அந்த நிரலே இயங்கிவிடும்.)

சட்டச் சிக்கல் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களில் வராதவற்றில்தான் இருக்கிறது. நிரல் ஓடும்போது ‘டிஎல்ஓப்பன்’ என்ற அழைப்பின் மூலம் ஏற்றப்படுபவை இவற்றில் வரா. ஸ்டாட்டிக் முறையில் நிரலுக்குள்ளேயே இணைக்கப்பட்டவையும் வரா. எல்ஜிபிஎல் 2.1 என்ற திறமூல உரிமத்திலுள்ள லைப்ரரியை அவ்வாறு இணைத்திருந்தால், பயனர் அதைத் திருத்தி மறுபடி இணைத்துக்கொள்ளும் வகையில் உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (கம்பைல் செய்த, இன்னும் ஒன்றாக இணைக்காத துண்டுகள்) தரவேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு.

பெயர் வந்தாலும் உரிமம் தெரிந்துவிடாது. வீடியோவைக் கையாளும் லைப்ரரியான எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல்லில் வருவது. ‘எனேபிள்-ஜிபிஎல்’ என்ற தெரிவுடன் கட்டமைத்தால் அதே பெயருள்ள கோப்புக்கு அதைவிடக் கடுமையான ஜிபிஎல் உரிமம் பொருந்தும். உங்கள் மூலநிரல் முழுவதையும் கேட்கும் வாதத்துக்கு அது இடம் தரும். ‘எஃப்எஃப்எம்பெக் -வெர்ஷன்’ கட்டளை தரும் கட்டமைப்பு வரியில் இதைச் சரிபார்க்கலாம்.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பே. உரிமத்தின் நிபந்தனையை மீறிப் பயன்படுத்துவது 51-ஆம் பிரிவின்கீழ் பதிப்புரிமை மீறலாகும், 55-ஆம் பிரிவின்கீழ் தடையுத்தரவும் இழப்பீடும் கோரலாம். ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 2004-இலேயே, ஜிபிஎல் நிபந்தனைகளை மீறியதற்காக ஒரு ரவுட்டர் விற்பனை நிறுவனத்துக்கு எதிரான தடையுத்தரவை உறுதிசெய்தது.

ஆகவே நிரலைத் தொகுத்து இணைக்கும் கட்டளைக் கோப்பான பில்டு ஸ்கிரிப்ட்டை நிரலாளரோடு அமர்ந்து வரிவரியாகப் பார்த்து, பதிப்பு எண்ணும் உரிமமும் குறித்த இணைப்பு அட்டவணையைத் தயாரியுங்கள். “மீறல் ஏதுமில்லை” என்ற வாசகத்துக்குப் பதிலாக, “இன்ன பதிப்பில், இணைப்பில் கண்டவை தவிர வேறில்லை என எங்கள் அறிவுக்கு எட்டியவரை உறுதியளிக்கிறோம்” என்று எழுதி, இழப்பீட்டுப் பொறுப்புக்கு ஒப்பந்தத் தொகையை உச்சவரம்பாகக் கேளுங்கள்.