சவுக்கு எந்த மரம்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள டீச்சருக்கு,

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். உலகத் தாவரங்கள் அனைத்தையும் ஒரே இணையப் பட்டியலில் சேர்க்கும் 'வேர்ல்ட் ஃபுளோரா ஒன்லைன்' பற்றி மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, நாங்கள் தோட்டத்தில் வழங்கும் பெயர்களை அதில் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. என் அப்பாயி அட்டைக் கடிக்கு அரைத்துப் பூசும் 'அட்டைத்தழை'யும் இல்லை. அதன் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம் செடிகளை அள்ளிக்கொண்டு போனவர்கள் நம் பெயர்களை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இயற்கையோடு இணைந்து வாழ்ந்த மலையக மக்களுக்கு இந்தப் பட்டியலால் என்ன பயன்? நாமே தமிழில் ஒன்று தொடங்கலாமா? அதற்கு எந்தச் செயலி நல்லது?

(பெயர் நீக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முந்தைய சீ.ஆர். கொப்பி ஒன்று அகப்பட்டது. அதில் என் கையெழுத்தில் இருந்த ஒரு வரியைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கேள்வி வந்து சேர்ந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த வரி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செயலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கடைசி நாளன்று கேட்க வேண்டிய கேள்வி அது.

'இயற்கையோடு இணைந்து வாழ்ந்த மலையக மக்கள்' என்ற வாசகத்தை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மேடையில் பேசுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். விஞ்ஞான ஆசிரியர் சொல்லக் கூடாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை வைப்பதற்கு முன்பே கோப்பிக்காக இந்த மலைகளில் காடு மொட்டையடிக்கப்பட்டுவிட்டது. கோடரி பிடித்தவர்களில் கிராமத்துச் சிங்களவரும் இருந்தார்கள், கடல் கடந்து வந்த நம்மவரும் இருந்தார்கள். கட்டளை துரையுடையது, கூலி அரை வயிற்றுக்கும் போதாதது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் வெட்டுகிற மரம் எது என்று கேட்டு எழுதிவைக்க அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை, எழுத்தும் இருக்கவில்லை. பெயர் தெரியாமலே வெட்டிச் சாய்த்த காட்டின் மேல்தான் நம் லயங்கள் நிற்கின்றன. அந்தத் துயரத்தைப் பெருமையாக மாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்தக் கிழவர்களுக்கே செய்கிற அவமரியாதை.

அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது உண்மை. 1670களில் பவுல் ஹெர்மன் இத்தீவில் சேகரித்த செடிகளை வைத்துத்தான் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் 'ஃபுளோரா சைலானிகா'வை எழுதினார். அந்தச் செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்கள் இன்று லண்டனில் இருக்கின்றன. ஆனால் பெயர்களை விட்டுவிட்டார்கள் என்பது முழு உண்மையன்று. பேராதனைப் பூங்காவின் அலெக்சாண்டர் மூன் 1824இல் வெளியிட்ட பட்டியலில் சிங்களப் பெயர்கள் உண்டு. ஹென்றி டிரைமன் 1893இல் தொடங்கி, அவர் 1896இல் இறந்த பின் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கர் முடித்துவைத்த இலங்கைத் தாவரக் கையேட்டில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. அந்தத் தொகுதிகளை நான் புரட்டியிருக்கிறேன். என் கண்ணில் பட்ட தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் பாலை, வீரை, முதிரை என்று வன்னியிலும் கிழக்கிலும் நிற்கும் மரங்களுடையவை. நம் மலைச் செடிக்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம் என்று கேட்க எவரும் நம் லயத்து வீடுகளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

பட்டியலால் என்ன பயன் என்ற கேள்விக்கு நம் செடியையே எடுத்துக்கொள்வோம். லின்னேயஸ் 1753இல் தேயிலைக்குத் 'தேயா சினென்சிஸ்' என்று பெயரிட்டார். 1762இல் அவரே, பச்சைத் தேயிலை ஒரு செடியிலிருந்தும் கறுப்புத் தேயிலை வேறொரு செடியிலிருந்தும் வருவதாக நம்பி, 'தேயா விரிடிஸ்', 'தேயா பொஹேயா' என்று இரண்டாக்கினார். ஒரே கொழுந்துதான், வாட்டி உருட்டி நிறம் மாற விட்டால் கறுப்பு, விடாமல் சூடு காட்டினால் பச்சை என்பது தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் எந்தப் பையனுக்கும் தெரியும். உப்சாலாவில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் தெரியவில்லை. 1887இல் குன்ட்சே என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதைக் கமேலியா பேரினத்துக்கு மாற்றினார். ஆக ஒரு செடிக்கு நான்கு பெயர்கள், நான்கும் ஏதாவது ஒரு புத்தகத்தில் உயிரோடு இருக்கின்றன. தேயிலை எங்கும் நிற்பதால் இந்தக் குழப்பத்தால் அதற்குக் கெடுதல் இல்லை. ஒரு மலைமுகட்டில் முப்பது நாற்பது மரமாக எஞ்சியிருக்கும் இனத்துக்கு இப்படி நான்கு பெயர் இருந்தால், நான்கு கணக்கெடுப்பில் நான்கு இனமாகத் தெரியும். அல்லது, அதைவிட மோசமாக, அரிய செடியொன்று வேறொரு சாதாரணச் செடியின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு எவர் கண்ணிலும் படாமலே போய்விடும்.

இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு ஒரு கணக்கு. லண்டனின் கியூ, அமெரிக்காவின் மிசூரி ஆகிய தாவரவியல் பூங்காக்கள் முன்னின்று செய்த, இதற்கு முந்தைய பட்டியலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இன மட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஏற்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 3,50,000 மட்டும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான பெயர்கள் எந்தச் செடியுடையவை என்று தீர்க்கப்படாமலே கிடந்தன. அறியப்பட்ட தாவரங்களின் பட்டியல் வேண்டும் என்பதை 2002இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட தாவரப் பாதுகாப்பு உபாயம் தன் முதல் இலக்காக வைத்தது இதனால்தான். கியூ, மிசூரி, நியூயோர்க், எடின்பரோ ஆகிய நான்கு பூங்காக்கள் தொடங்கி 2012இல் அறிவித்த வேலையைத்தான் நீங்கள் வகுப்பில் காட்டினீர்கள். ஒவ்வொரு தாவரக் குடும்பத்துக்கும் அதை அறிந்தவர்கள் குழுவாக இருந்து பெயர்களைத் திருத்துகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை திருத்திய பட்டியல் வெளிவருகிறது. அப்பாயியின் பெயர் அதில் இல்லையே என்று அவர்களைக் கோபிப்பது, காணி உறுதியில் ஆளின் செல்லப்பெயர் இல்லையே என்று நொத்தாரிசைக் கோபிப்பதைப் போன்றது.

பெயர் காப்பாற்றுமா என்று கேட்பீர்கள். 'குரூடியா சைலானிகா' என்ற மரம் நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில்) அழிந்துபோனதாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2019இல் கம்பஹாவில் அப்படியொரு மரம் நிற்பதை அடையாளம் கண்டார்கள். 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்றதும் நாடே பேசியது. அது என்ன மரம் என்று எவரும் சொல்லியிராவிட்டால் ஒரு காலைப் பொழுதில் அது விறகாகியிருக்கும்.

இப்போது என் கொப்பிக்கு வருகிறேன். நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், பாடப் புத்தகத்துச் செடிகளின் பெயர்கள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று, நம் தோட்டத்துப் பெயர்களையும் அவற்றின் விஞ்ஞானப் பெயர்களையும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். வல்லாரை, மானாப்புல், போவிட்டியா, நெலு என்று அறுபதுக்கு மேல் இருக்கும். (போவிட்டியாவும் நெலுவும் சிங்களம் என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சொல்லித் தந்த பெயர்கள் அவை, நம்முடையவைதாம்.) அதில் 'சவுக்கு' என்பதற்கு நேரே, தமிழ்நாட்டு அகராதியொன்றைப் பார்த்து, 'கசுவரினா எக்விசெட்டிஃபோலியா' என்று அழகான எழுத்தில் எழுதினேன். மூன்று வருடம் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள், பரீட்சையிலும் எழுதினார்கள், நானும் சரி போட்டேன்.

மூன்றாம் வருடம் ஒரு பெண் பிள்ளை, கவ்வாத்து மலையிலிருந்து தாய் விறகுக்குக் கொண்டுவந்த கிளையில் ஒரு கொப்பை ஒடித்து என் மேசையில் வைத்தாள். "டீச்சர், புத்தகத்துச் சவுக்குக்கு இலை ஊசி மாதிரி இருக்கு. நம்ம சவுக்கு இப்படி இருக்கே" என்றாள். பன்னம் போலப் பிளவுபட்ட இலை. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளி பூசினது போல இருந்தது. சீப்புப் பற்களைப் போல ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கும் செம்மஞ்சள் பூக்கள். வகுப்பறை யன்னலுக்கு வெளியே, தேயிலைக்கு நிழலாக, நான் பிறந்த நாளிலிருந்து பார்த்த மரம் அது. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து தோட்டத்துக்கு வந்த 'கிரெவில்லியா ரொபஸ்டா'. தமிழ்நாட்டுக் கடற்கரையில் சவுக்கென்றால் ஒரு மரம், நம் மலையில் சவுக்கென்றால் இன்னொரு மரம். என் கண்ணெதிரே நின்றதைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்து எழுதினேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை அகராதியைப் பார்க்காததால் மரத்தைப் பார்த்தாள்.

நீங்கள் தமிழில் தொடங்க நினைக்கும் பட்டியலுக்கு நான் பயப்படுவது இதனால்தான். எனக்கு வருகிற கடிதங்களில் பெயர்கள் மட்டும் வருகின்றன. இருநூறு பெயர், முந்நூறு பெயர், எந்தச் செடியென்று ஒன்றுக்கும் சான்றில்லை. பிரம்மி என்று ஓரிடத்தில் வல்லாரையைச் சொல்வார்கள், ஓரிடத்தில் நீர்ப்பிரம்மியைச் சொல்வார்கள். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். பெயரை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறை எதைப் பறிக்கும்? பெயரோடு செடி வேண்டும். பூவும் இலையும், முடிந்தால் காயும் உள்ள ஒரு கொப்பு, பத்திரிகைத் தாளுக்குள் அமுக்கி உலர்த்தியது வேண்டும். அதன் கீழே எந்தத் தோட்டம், எந்த மலை, கான் ஓரமா பீலிக்கரையா, எந்த நாள், பூ பறிக்கும்போது என்ன நிறம், அந்தப் பெயரைச் சொன்னவர் யார், அவர் எந்த ஊர் என்பது வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பின்னால் வருகிறவர் திண்டாடுவார். பேராதனையில் 1849இலிருந்து முப்பது வருடம் பொறுப்பிலிருந்த த்வைட்ஸ் பெரிய தாவரவியலாளர். மேலே சொன்ன 'குரூடியா சைலானிகா'வை முதலில் விவரித்தவரும் அவரே. ஆனால் உலர்த்திய செடிகளுக்கு அவர் இட்ட இலக்கங்கள் ஒவ்வொரு முறை பறித்ததற்கும் தனித்தனியாக இட்டவை அல்ல, இனத்துக்கு ஒன்றாக இட்டவை. வெவ்வேறு மலையில் வெவ்வேறு வருடத்தில் பறித்தவை ஒரே இலக்கத்தின் கீழ்க் கிடப்பதால், ஒரு செடி உண்மையில் எங்கே நின்றது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரியவருக்கே அப்படியென்றால், உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு கவனம் வேண்டும்?

நம் குளிரில் தாள் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூத்துவிடும். முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் அதில் வையுங்கள், நெருப்புக்கு மிக அருகில் வேண்டாம். தோட்டத்துக்குள் களையாக முளைப்பவற்றிலிருந்து தொடங்குங்கள், மருந்தடிக்கிறவர்கள் வருமுன். ஹோட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எதையும் ஒடித்துவிடாதீர்கள். 1988இலிருந்து அது தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் ஒரு புல்லைக்கூடத் தொடக் கூடாது.

அப்பாயியின் அட்டைத்தழைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை தெரிகிறது, உங்கள் பெருவிரலும் தெரிகிறது, பூ தெரியவில்லை. எதிரெதிரான இலையா, மாறிமாறி வரும் இலையா என்பதுகூடத் தெளிவாக இல்லை. ஊகித்து ஒரு பெயரைச் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு முறை பட்டுவிட்டேன். பூக்கிற காலம் எது என்று அப்பாயியிடமே கேளுங்கள். கேட்கும்போது அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தினார், சின்ன வயதில் எந்த மலையில் பறித்தார் என்பதையும் கேட்டு அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். பூத்ததும் இரண்டு கொப்பு பறித்து உலர்த்துங்கள், ஒன்று உங்கள் வகுப்புக்கு, ஒன்று எனக்கு. நான் அதைப் பேராதனைக்கு எடுத்துச் செல்கிறேன். தபாலில் அனுப்புவதானால் மட்டைக்குள் வைத்துக் கட்டுங்கள். பொலித்தீனில் சுற்றாதீர்கள், புழுங்கிவிடும்.

அன்புடன்,
டீச்சர்