வயிற்றுக்குள் நீரில் மிதக்கும் குழந்தை மூச்சு விடுவது எப்படி? கொடி கழுத்தில் சுற்றினால் மூச்சு முட்டாதா?

முட்டாது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கழுத்து வழியாகக் காற்றே போவதில்லை. நுரையீரல் செய்ய வேண்டிய வேலையை, கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சு (பிளாசென்டா) செய்கிறது. போகவர உள்ள பாதை தொப்புள்கொடி. ஆகவே கழுத்தில் கொடி சுற்றி ஆபத்து வந்தால், பெரும்பாலும் அது கொடி நசுங்கி ரத்த ஓட்டம் குறைவதால்தான் வரும். இதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நிறைமாதத்தில் நஞ்சு ஏறக்குறைய அரை கிலோ எடை இருக்கும். கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் பக்கத்தில் மரவேர் போலக் கிளை கிளையாகப் பிரிந்த நுண் விரல்கள் உண்டு. அவற்றுக்குள் குழந்தையின் ரத்தம் ஓடுகிறது. வெளியே தாயின் ரத்தம் குளம்போல் நிறைந்து அவற்றை நனைக்கிறது. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதைத் தாண்டி ஆக்சிஜன் குழந்தைக்குப் போகிறது, கரியமில வாயு தாய்க்கு வருகிறது. இந்த விரல்களின் மொத்தப் பரப்பை விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும். தாயின் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இங்கே வந்து போகிறது. தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள்: ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவரும் சிரை ஒன்று, திருப்பிக் கொண்டுபோகும் தமனி இரண்டு. ஸ்கேன் அறிக்கையில் "மூன்று குழாய்க் கொடி" என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இப்படி வரும் ரத்தத்திலும் ஆக்சிஜன் அழுத்தம் குறைவுதான், சுமார் 30 மி.மீ. பாதரசம். நம் தமனியில் அது 90, 100 என்று இருக்கும். அந்த 30-ல் நாம் மயங்கி விழுவோம். குழந்தை தாக்குப்பிடிக்கக் காரணம், அதன் ஹீமோகுளோபின் வேறு வகை. குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். அளவும் பெரியவர்களைவிடக் கூடுதல். பிறந்த பிறகு இந்த வகை மெல்லக் குறைந்து, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் பெரியவர்களின் வகைக்கு மாறிவிடும்.

இதயத்தில்தான் விசேஷம். நுரையீரலுக்கு வேலையில்லாததால் ரத்தத்தை அங்கே அனுப்புவதில் பயனில்லை. இரண்டு குறுக்குவழிகள் வைத்து அதைத் தவிர்த்திருக்கிறது உடல். ஒன்று, இரு மேலறைகளுக்கும் நடுவே ஒரு கதவு, ஃபோரமென் ஓவேல். நஞ்சிலிருந்து வரும் நல்ல ரத்தம் இதன் வழியே இடப்பக்கம் பாய்ந்து, முதலில் மூளைக்கும் இதயத் தசைக்கும் போகிறது. மற்றொன்று, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் சிறு குழாய், டக்டஸ் ஆர்டீரியோசஸ். தலையிலிருந்து திரும்பிய, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இதன் வழியே உடலின் கீழ்ப்பாதிக்கும் நஞ்சுக்கும் இறங்குகிறது. கல்லீரலை ஒட்டி மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. நஞ்சிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பங்கு அங்கே நிற்காமல் நேராக இதயத்துக்கு வருவது அதனால்தான். பிறந்தபின் எடுக்கும் எக்கோவில் (இதய ஸ்கேன்) "பிஎஃப்ஓ", "பிடிஏ" என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் பலர். முதல் இரண்டு குறுக்குவழிகள் இன்னும் முழுதாக மூடவில்லை என்பதே அதன் பொருள். முதல் சில நாட்களில் எடுத்த எக்கோ என்றால் பெரும்பாலும் அது நோயே இல்லை. பெரியவர்களிலும் நான்கில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுதாக ஒட்டியிருக்காது.

நுரையீரல் சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது தானே ஒரு திரவத்தைச் சுரந்து தன்னை நிரப்பிக்கொள்கிறது. நிறைமாதத்தில் கிலோவுக்கு 25, 30 மில்லி, அதாவது மூன்று கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 80, 90 மில்லி. அந்தத் திரவத்தின் அழுத்தம்தான் நுரையீரலை வளர்க்கிறது. 10, 11 வாரத்திலிருந்தே குழந்தை மூச்சு விடுவதுபோல உதரவிதானத்தை அசைத்துப் பழகுகிறது. பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அதை அது விழுங்கித் திரும்பவும் கழிக்கிறது. "உள்ளே தண்ணி குடிச்சிடுச்சு" என்று பதறுவார்களே, குடிப்பது அதன் தினசரி வேலை. நீர் மிகவும் குறைந்துபோனால்தான் கவலை. 16 முதல் 24 வாரத்துக்குள் நீர் வற்றினால் நுரையீரல் வளராமலே போகலாம். கடைசி மாதத்தில் வற்றினால் மெத்தைபோல் காக்க ஒன்றும் இல்லாமல் கொடி நசுங்கும். ஸ்கேனில் நீரளவுக் குறியீடு 5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வார்கள்.

இனி கொடிக்கு வருவோம். கழுத்தில் சுற்றுவது நான்கு ஐந்து பிரசவத்தில் ஒன்றில் பார்க்கக்கூடியதுதான். கொடியின் நீளம் அரை மீட்டருக்கு மேல். குழந்தையோ உருண்டுகொண்டே இருக்கிறது. சுற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கொடிக்குள் வழவழப்பான கூழ் நிறைந்திருப்பதால் குழாய்கள் எளிதில் நசுங்கா. தலை வெளியே வந்ததும் விரலால் தளர்த்தித் தலைக்கு மேலே கழற்றிவிடுவார்கள். சில நொடி வேலை. "மாலை போட்டுப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது" என்பதை மாமன்கள் மறந்துவிடலாம். ஸ்கேனில் சுற்றியிருப்பதாக வந்ததற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. வலி எடுத்தபின் குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதே முடிவு செய்யும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. வலி வரும்போது இறங்கி, வலி போன பிறகும் ஏறாமல் கிடந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று: பனிக்குடம் உடைந்ததும் தலைக்கு முன்பாகக் கொடி கீழே இறங்கி வந்துவிடுவது. தலை அதை இடுப்பெலும்போடு வைத்து அழுத்திவிடும், கையிலிருப்பது நிமிடங்கள்தான். குழந்தை குறுக்காகவோ கால் முன்னாலோ இருந்தாலும், நீர் மிக அதிகமாக இருந்தாலும் இதற்கு வாய்ப்புக் கூடுதல். கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. தாய் முழங்காலும் முழங்கையும் ஊன்றி இடுப்பை உயர்த்திக் குனிந்திருக்க வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்று. கருப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கு வரும் தாயின் ரத்தம் குறைந்து, தளரும்போதுதான் திரும்ப நிறைகிறது. குழந்தை அந்த இடைவெளியில்தான் "மூச்சு வாங்குகிறது". பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் இடைவெளி போதாது. வலி வர ஊசி மருந்து ஏற்றும்போது சொட்டுச் சொட்டாக எண்ணி ஏற்றுவதும், இதயத்துடிப்பை அடிக்கடி கேட்பதும் இதற்காகத்தான். "சீக்கிரம் வலி வர இன்னும் கொஞ்சம் மருந்து ஏத்துங்க" என்று உறவினர்கள் அவசரப்படுத்துவது நல்லதல்ல.

அடுத்து, காற்றுக்கு மாறுவது. இதற்கு நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஈரமான இரு பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபேக்டன்ட் என்ற கொழுப்புப் படலம். சுமார் 24 வாரத்தில் உருவாகத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதிய அளவு வருகிறது. அதற்கு முன் பிறந்தால் ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சுபோலப் பாடுபட்டு இழுக்க வேண்டியிருக்கும். சில மணி நேரத்தில் களைத்துவிடும். காரணம் இந்தப் படலக் குறைவுதான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மேரி எல்லன் ஏவரி 1959-ல் காட்டினார். ஆனால் கையில் மருந்து இல்லை. 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இறந்தது இந்தக் கோளாறில்தான். ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது 1980-ல். இன்று இது மூச்சுக்குழாய் வழியே கொடுக்கும் சாதாரண மருந்து.

அதைவிட மலிவானது தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவம் ஆகும் போலிருந்தால், டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு ஊசி, அல்லது பீட்டாமெத்தசோன் 12 மி.கி. வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. முழுப் பலன் கிடைக்க ஒருநாள் ஆகும். எனவே ஏழாம் மாதத்தில் இடுப்புவலி வந்தால் "சூட்டு வலி" என்று சீரகத் தண்ணீர் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பது அந்த ஒருநாளைத் தின்றுவிடும். தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலும் இந்தப் படலம் முதிர்வது தாமதமாகும். 37 வாரக் குழந்தைக்கும் திணறல் வரலாம்.

நுரையீரலில் இருக்கும் திரவம் எங்கே போகிறது? பிறப்புப் பாதையில் மார்பு நசுங்கிப் பிழியப்படுகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அதன் பங்கு சிறிது. வலி எடுக்கும்போது குழந்தையின் உடலில் அட்ரினலின் பெருகி, திரவத்தைச் சுரந்துகொண்டிருந்த அதே செல்கள் அதை உறிஞ்சத் தொடங்குகின்றன. மிச்சத்தை முதல் சில மூச்சுகளில் உள்ளே போகும் காற்றே திசுவுக்குள் தள்ளிவிடுகிறது. பிறகு சில மணி நேரத்தில் ரத்தத்தோடு கலந்துவிடும். அழுகை இதில் பெரிய உதவி: குரல்வளையைப் பாதி மூடி வெளிவிடும் மூச்சு என்பதால் காற்று உள்ளே தங்கி அறைகளை விரித்து வைக்கிறது.

நல்ல நேரம் பார்த்து வைக்கும் சிசேரியனின் சிக்கல் இங்கேதான். வலியே எடுக்காமல் 37 வாரத்தில் எடுக்கும் குழந்தைக்கு அந்த அட்ரினலின் பெருக்கு இல்லை. நுரையீரலில் நீர் தங்கி ஒன்றிரண்டு நாள் வேகமூச்சு வாங்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் அதுவரை தாயைப் பிரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியன் என்றால் 39 வாரம் முடியட்டும். நட்சத்திரம் பார்த்தே தீர வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வரும் நாட்களில் பாருங்கள்.

காற்று உள்ளே போனதும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்தம் அங்கே பாய்ந்து இதயத்தின் இடப்பக்கம் திரும்புகிறது. அங்கே அழுத்தம் கூடுவதால் மேலறைகளுக்கு நடுவே இருந்த கதவு சாத்திக்கொள்கிறது. இது நடக்கும்வரை கொடியை வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் நஞ்சிலிருந்து 80, 100 மில்லி ரத்தம் குழந்தைக்கு வந்துவிடும். அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச்சத்து அதில் இருக்கிறது. மஞ்சள் காமாலை சற்றுக் கூடலாம், பார்த்துக்கொள்ளக்கூடியதுதான். குழந்தை மூச்சே விடாவிட்டால் மட்டும் காத்திருக்காமல் வெட்டி சிகிச்சை தொடங்குவார்கள்.

பிறந்த உடனே குழந்தை நீலமாக இருப்பது இயல்பு. வலது கையில் அளந்தால் முதல் நிமிடத்தில் ஆக்சிஜன் அளவு 60, 65 சதவீதம்தான். ஐந்தாம் நிமிடத்தில் 80, 85. பத்தாம் நிமிடத்தில் 85-க்கு மேல். கை கால் நுனிகளின் நீலம் ஒருநாள் வரை இருக்கலாம். உதடும் நாக்கும் நீலமாக இருக்கக் கூடாது. பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி தேவைப்படும். துடைத்துச் சூடாக்கி, முதுகை ஓரிரு முறை தேய்த்துப் பார்ப்பார்கள். அப்படியும் தொடங்காவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்றை அழுத்த வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அடிப்பது சினிமாவில் மட்டும் இருக்கட்டும். நுரையீரலுக்குத் தேவை காற்று, அடி அல்ல. யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கிறவர்களிடம் இந்தப் பையும் இருக்காது, அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் இருக்காது.

மற்றொரு குறுக்குவழியான டக்டஸ் மூடுவது நிதானமாக நடக்கிறது: வேலையளவில் மூன்று நாளுக்குள், முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம். அதைத் திறந்து வைத்திருந்தது நஞ்சிலிருந்து வந்த புரோஸ்டாகிளாண்டின். அந்தப் பொருளைத் தடுக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கர்ப்பிணி கடைசி மாதங்களில் தானாகப் போட்டுக்கொண்டால், வயிற்றுக்குள்ளேயே டக்டஸ் மூடத் தொடங்கலாம். சில பிறவி இதயக் கோளாறுகளில் உயிர் அந்தக் குழாயை நம்பியே இருக்கும். அது மூடும்போது, நன்றாக இருந்த குழந்தை இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று நீலமாகும் அல்லது துவளும். அதை முன்கூட்டிப் பிடிக்க, 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். வலது கைக்குப் போகும் குழாய் டக்டஸுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது என்பதால்தான் அந்தக் கை. இரண்டிலும் 95 சதவீதமோ அதற்கு மேலோ, வித்தியாசம் 3-க்குள் என்றால் சரி. டிஸ்சார்ஜ் செய்யும்முன் இந்தச் சோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். வலியில்லாதது, ஐந்து நிமிடமும் ஆகாது.

வீட்டுக்கு வந்தபின் தூங்கும் குழந்தையின் மூச்சு ஐந்து பத்து நொடி நின்று மறுபடி தொடங்கினால் பயப்பட வேண்டாம். புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் தாளமே அப்படித்தான். 20 நொடி நின்றாலோ, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, ஒவ்வொரு மூச்சிலும் முனகினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்து விட்டுவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எண்ணும்போது வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், அந்த இடைநிறுத்தங்களால் கணக்கு தப்பிவிடும்.