வேல்ஸின் ஆண்குரல் சேர்ந்திசை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தெற்கு வேல்ஸில் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் குடும்பத்தோடு வசிக்கிறேன். அருகிலுள்ள மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் பெரியவர் ஒருவர் ஊரின் ஆண்குரல் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறார். நான் வீட்டில் பாடுவதைக் கேட்டதிலிருந்து ஒத்திகைக்கு வரும்படி அழைத்துக்கொண்டே இருக்கிறார். சிறுவயதில் கர்நாடக சங்கீதம் கற்றேன், வர்ணங்களோடு நின்றுவிட்டது. மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, வெல்ஷ் மொழியும் தெரியாது. அவர்கள் பாடுபவற்றில் பெரும்பகுதி கிறித்தவப் பாடல்கள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். உறுப்பினர்கள் ஏறக்குறைய அனைவரும் என் தந்தையின் வயதினர். பணிநேரமும் வாரந்தோறும் மாறுகிறது. அந்நாட்டில் வாழ்ந்தபோது இப்படியொரு குழுவில் பாடியதாக நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். நான் சேரலாமா?

ஒரு வாசகர், தெற்கு வேல்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

சேருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தயக்கங்கள் எல்லாம் தீரக்கூடியவை. உண்மையிலேயே கடினமான ஒன்று இருக்கிறது, அது உங்கள் கடிதத்தில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதது ஒரு தடையே அன்று. இந்தக் குழுக்களை உருவாக்கிய தலைமுறையினரில் பெரும்பாலானவர்கள் ஐந்துகோட்டுக் குறிப்பைப் படித்துப் பாடியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கிவைத்து, ஜான் கர்வன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செப்பம் செய்த டானிக் சோல்ஃபா என்ற, டோ-ரே-மீ எழுத்துகளால் ஸ்வரங்களைக் குறிக்கும் முறைதான் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் உழைத்தவர்களுக்கு இசையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. எலியேசர் ராபர்ட்ஸ் அதை வெல்ஷ் மக்களிடையே கொண்டுசென்றார். சிற்றாலயங்களின் ஞாயிறு பள்ளிகள் வழியாக அது தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகள் முழுவதும் பரவியது. அதில் ‘டோ’ என்பது நிலையான ஓர் ஒலி அன்று. பாடலின் ஆதாரம் எங்கே வைக்கப்படுகிறதோ அதுவே டோ; மற்ற ஸ்வரங்கள் அதிலிருந்து அளக்கப்படுகின்றன. கட்டையை மாற்றினாலும் ஷட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு பாடப் பழகிய உங்களுக்கு இதை யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இன்று பல குழுக்களில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் பாடிப் பதிவு செய்து உறுப்பினர்களின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். காதால் கேட்டு மனப்பாடம் செய்வதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. கச்சேரியில் தாளை வைத்துக்கொள்ளாமல் பாடுவதே அவர்கள் மரபு.

குரல் தேர்வு என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பியானோவின் அருகே உங்களை நிறுத்தி, நடத்துநர் ஒரு ஸ்வர வரிசையை வாசிப்பார், நீங்கள் திருப்பிப் பாடுவீர்கள். பிறகு அதையே அரைச் சுரம் அரைச் சுரமாக மேலேயும் கீழேயும் நகர்த்திக்கொண்டே போவார். உங்கள் குரல் எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இது. அதைக்கொண்டு, மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிட்டோன், இரண்டாம் பாஸ் என்ற நான்கு பாகங்களில் ஒன்றில் உங்களைச் சேர்த்து, அந்தப் பாகத்தில் நெடுங்காலம் பாடிய இருவருக்கு நடுவே உட்காரவைப்பார்கள். முதல் சில வாரங்களுக்கு அந்த இருவருமே உங்கள் ஆசிரியர்கள்.

இப்போது கடினமானதற்கு வருகிறேன். நம் மரபில் பாட்டு என்றால் மெட்டு. எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் எல்லாரும் அதே மெட்டைத்தான் பாடுகிறோம். அங்கே மெட்டு பெரும்பாலும் முதல் டெனரிடம் இருக்கும். மெர்தர் டிட்வில்லில் 1841இல் பிறந்து, சிறுவனாகவே சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலைக்குச் சென்ற ஜோசஃப் பாரி இசையமைத்த ‘மவான்வி’ என்ற காதல் பாடலை அநேகமாக எல்லா ஆண்குரல் குழுக்களும் பாடுகின்றன. அந்த மெட்டை ஒருமுறை கேட்டால் மறக்க முடியாது. ஆனால் நீங்கள் பாரிட்டோனாக இருந்தால் அந்த மெட்டு உங்களுக்குக் கிடையாது. பல இடங்களில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, நடுவில் ஒருபடி இறங்கி, மீண்டும் ஏறி நிற்பதுதான் உங்கள் வேலை. தனியாகப் பாடிப் பார்த்தால் அதில் ஒன்றும் இருக்காது. வீட்டில் பயிற்சி செய்யும்போது இதற்காகவா போகிறோம் என்று சோர்வு வரும். நான்கு பாகங்களும் ஒன்றாக ஒலிக்கும்போதுதான், உங்கள் ஒரு ஸ்வரம் நகர்வதால் மொத்தப் பாட்டின் நிறமும் மாறுவது காதில் விழும். எனக்கு இசையில் கிடைத்த மகிழ்ச்சிகளில் இதற்கு இணையாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கமகத்தையும் விட்டுவிட வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வது நமக்கு அழகு. அங்கே அப்படி வழுக்கினால், பக்கத்தில் இருப்பவரின் ஸ்வரத்தோடு உங்களுடையது பொருந்தாமல் ஒரு கணம் உரசும். வரிசை முழுவதும் கலங்கும். நேராக ஏறி, நேராக நிற்க வேண்டும். மூச்சும் அப்படித்தான்: ஒரு நீண்ட ஒலியை நாற்பது பேர் பிடித்திருக்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் ஒலி அறுந்துவிடும். ஆகவே அருகில் நிற்பவர் மூச்சு வாங்குவதை உணர்ந்து, அப்போது நீங்கள் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பி வந்ததும் நீங்கள் சத்தமின்றி விலகி, மூச்சை நிரப்பிக்கொண்டு, முன்பிருந்ததைவிட மெல்லிய குரலில் மீண்டும் நுழைய வேண்டும். கேட்பவர்களுக்கு முடிவே இல்லாத ஒரே ஒலியாக இருக்கும். தன் குரலைவிடப் பக்கத்துக் குரலை அதிகம் கேட்பவரே அங்கே நல்ல பாடகர். தனிப்பாடகராக விரும்பியவர்கள் சிலர் இதைத் தாங்க முடியாமல் விலகியதைக் கண்டிருக்கிறேன்.

முதியவர்களோடு பாட வேண்டியிருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யார் என்பதை அறிந்துகொண்டு செல்லுங்கள். ரோண்டா பள்ளத்தாக்கின் ட்ரியோர்க்கி குழு 1895இல் வின்ட்சர் அரண்மனையில் விக்டோரியா அரசியின் முன் பாடியது. அதே ரோண்டாவின் டைலர்ஸ்டவுனில் 1924இல் தொடங்கிய பென்டிரஸ் குழு, சுரங்கங்கள் முடங்கி ஊரே வேலையின்றி இருந்த ஆண்டுகளில் வளர்ந்தது. வடக்கே பென்ரின் கல் குவாரியின் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை நீண்ட போராட்டத்தில் இருந்தபோது, பெத்தெஸ்டா ஊரின் குழுக்கள் இங்கிலாந்தின் நகரங்களுக்குச் சென்று பாடி, பட்டினி கிடந்த குடும்பங்களுக்குப் பணம் திரட்டின. அமெரிக்க அரசு, கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்துவைத்திருந்தபோது, 1957இல் போர்த்காலில் கூடிய சுரங்கத் தொழிலாளர் விழாவுக்கு அவர் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அரங்கிலிருந்து ட்ரியோர்க்கி குழு அவருக்கு மறுமொழியாகப் பாடியது. பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததே இல்லை. ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினர், ஆலயங்கள் பூட்டப்பட்டன, புதிய உறுப்பினர்கள் வருவது அரிதாயிற்று. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப அழைப்பதில் உபசாரம் மட்டும் இல்லை என்றே நினைக்கிறேன். குழுவுக்கு ஆள் தேவைப்படுகிறது.

கிறித்தவப் பாடல்களைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்; நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. நான் பாடிய குழுவில் ஞாயிறுதோறும் ஆலயம் சென்றவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு அந்தப் பாடல்கள் தாத்தாவின் அடக்கத்திலும் ரக்பி மைதானத்திலும் கேட்டு வளர்ந்தவை. பொருள் அறிந்து, அந்தப் பாடலை நம்பி வாழ்ந்தவர்கள் மீது மதிப்பு வைத்துப் பாடினால் போதும். அதனால் உங்கள் சைவம் குறையாது. ஏதேனும் ஒரு பாடலின் வரிகள் உங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் நடத்துநரிடம் தனியே சொல்லிவிட்டு அந்தப் பாட்டில் மட்டும் விலகி நிற்கலாம். மறைத்துக்கொண்டு வாயை அசைப்பதுதான் கூடாது.

வெல்ஷ் மொழி எழுத்துப்படியே ஒலிக்கும் என்பதால் சில வாரங்களில் படித்துவிடுவீர்கள். இரட்டை எல் (ll) மட்டும் சற்றுப் படுத்தும்: ‘ல்’ சொல்வதற்காக நாக்கை வைத்து, குரல் கொடுக்காமல், நாக்கின் இரு பக்கமும் காற்றை ஊதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முன் சொல்லிக் காட்டினால் அவரே திருத்துவார்.

மாறும் பணிநேரத்தைச் செயலாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எந்தெந்த வாரம் வர இயலாது என்பதை அட்டவணை கிடைத்ததும் தெரிவித்தால் போதும். சுரங்கத்தில் ஷிஃப்ட் முறையில் உழைத்தவர்கள் தொடங்கிய குழுக்கள் இவை. ஒத்திகைக்கு வர முடியாதவரின் பாகத்தை அடுத்த வாரம் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுப்பது அங்கே பழைய வழக்கம். இரவுப்பணி முடிந்து தூங்காமல் மட்டும் போகாதீர்கள். களைத்த தொண்டை சுருதியில் நிற்காது. எந்தப் பாகத்தில் சேர்த்தார்கள் என்பதை எழுதுங்கள்.

அன்புடன்